முதலில் தரையில் உட்காருங்கள்

ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். எல்லோரோடும் நானும் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து எழப் பார்த்தால் முடியவில்லை. இடது கால் மரத்துப்போயிருந்தது, முட்டி மடங்கினபடியே நின்றுவிட்டது. பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் சுவரும் இல்லை. அந்த வீட்டுப் பேரன்தான் வந்து, “தாத்தா, கையைக் குடுங்க” என்று தூக்கிவிட்டான். எனக்கு அப்போது வயது 51. முட்டியைவிட அந்தத் ‘தாத்தா’தான் அதிகம் வலித்தது.

அதன்பிறகுதான் யோகா பக்கம் வந்தேன். வந்த வழியும் சரியில்லை. ஒரு மொட்டைமாடி வகுப்பில் சேர்ந்த இரண்டாம் நாளே காலை நீட்டி முன்னால் குனியச் சொல்லி, முதுகில் கை வைத்து அழுத்தினார்கள். மூன்று வாரம் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர்கள், தொப்பை போட்டவர்கள், நாற்காலியிலேயே பொழுது போகிறவர்கள், இவர்களுக்காக. இருபது வயதுக்காரர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

சாப்பிட, காய் நறுக்க, மாவாட்ட, வீட்டுப்பாடம் எழுத என்று நம் பாட்டி தாத்தாக்கள் நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்தார்கள். இடுப்பை இளக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. நாம் சோபா, டைனிங் டேபிள், கட்டில் உயரத்திலேயே குடியிருக்கிறோம். இடுப்பும் கணுக்காலும் அந்த உயரத்துக்கே பழகிவிட்டன. அப்படிப்பட்ட காலைக் கொண்டுபோய் முதல் நாளே பத்மாசனத்தில் மடக்கினால் முட்டிதான் அடி வாங்கும். அதனால் என் பாடத்திட்டத்தில் முதல் வாரம் ஆசனமே கிடையாது.

டாக்டரிடம் ஒரு வார்த்தை

இதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணில் க்ளாக்கோமா உள்ளவர்கள், தலை இதயத்தைவிடத் தாழ்ந்து போகும் எந்த ஆசனத்தையும் தொடக்கூடாது. சிரசாசனம், சர்வாங்காசனம் மட்டுமல்ல, நின்றபடி முழுக்கக் குனிவதும் இதில் சேரும். குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆகிச் சில மாதம்கூட ஆகாதவர்கள், முட்டி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஸ்கேன் எடுத்து அடிமுதுகில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களை ஒதுக்கிவிடுங்கள்.

சுகருக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் தனியாக ஒன்று. வெறும் வயிற்றில் வேர்க்க வேர்க்கச் செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்கினால், குப்பென்று வேர்த்தால், படபடத்தால் உடனே நிறுத்திவிட்டு இனிப்பாக ஏதாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். பாய்க்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும். இன்னொன்று, ‘யோகா பண்றோமே’ என்று நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

இடம், துணி, நேரம்

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஆறரை அடி நீளம், இரண்டரை அடி அகலம் கிடைத்தால் போதும். கோரைப்பாய் டைல்ஸ் தரையில் வழுக்கும், ஜமுக்காளமும் அப்படித்தான். ஆறு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு யோகா மேட் வாங்குவது ஒன்றுதான் இதில் செலவு. புது மேட்டின் ரப்பர் நாற்றம் தாங்காது. ஈரத்துணியால் துடைத்து இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். ஜமுக்காளத்தை மடித்து உட்காரும் மேடாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஆண்களுக்கு வேட்டி, லுங்கி வேண்டாம். ஏன் என்பது காலைத் தூக்கும்போது தெரியும். பெண்களுக்கு நைட்டியும் அப்படியே. தளர்வான பேன்ட் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம், டிபனுக்குப் பின் இரண்டு மணி நேரம், காபிக்குப் பின் அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்துதான் செய்ய வேண்டும் என்று பலர் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் அம்மாவிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு வரும் பதினொரு மணி அமைதி அவர்களுக்கு எந்த முகூர்த்தத்துக்கும் குறைந்ததில்லை. உண்மையில், உடம்பு விறைப்பாக உள்ளவர்களுக்குக் காலையைவிடச் சாயங்காலம் சுலபம். பகல் முழுக்க அசைந்ததில் உடம்பு கொஞ்சம் இளகியிருக்கும். ஆனால் ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அசையாமல் மல்லாந்து படுக்கும் சவாசனம் கொசுவுக்குப் பந்தி ஆகிவிடும்.

எந்த நேரமானாலும் ஏற்கெனவே உள்ள ஒரு பழக்கத்தின் வாலில் கட்டிவிடுங்கள். குளிக்கப் போகும் முன், சாயங்காலக் காபிக்கு முன், இப்படி. என் மனைவி குக்கரை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தாள். மூச்சை எண்ணுவதா, விசிலை எண்ணுவதா என்று தெரியாமல் பருப்பு குழைந்துபோனது.

முதல் வாரம்: உட்காருவது, எழுவது

ஜமுக்காளத்தையோ கனமான போர்வையையோ நாலு விரற்கடை உயரத்துக்கு மடியுங்கள். அதன் நடுவில் உட்காராமல் முன் ஓரத்தில் உட்கார்ந்து சம்மணம் போடுங்கள். இப்போது உங்கள் முட்டியைப் பாருங்கள். அது இடுப்பைவிட உயரமாக நிற்கிறதா? அப்படியானால் மடிப்பை இன்னும் உயர்த்துங்கள். முட்டி இடுப்புக்குச் சமமாகவோ தாழ்ந்தோ வரும்வரை உயர்த்திக்கொண்டே போகலாம். முட்டி உயரத்தில் நின்றால் இடுப்பெலும்பு பின்னால் சாயும், அடிமுதுகு வளையும், ஐந்து நிமிடத்தில் வலி தொடங்கும். “எனக்குத் தரையில் உட்கார முதுகு ஒத்துழைக்காது” என்பவர்களில் நிறையப் பேருக்குக் குறை முதுகில் இல்லை, உட்காரும் மடிப்பின் உயரத்தில்தான்.

முட்டி அந்தரத்தில் தொங்கினால் அடியில் தலையணை கொடுங்கள். கையால் அமுக்காதீர்கள், யாரையும் அமுக்கவும் விடாதீர்கள். முட்டி பெரும்பாலும் கதவுக் கீல் மாதிரி மடங்கி நீளும் மூட்டு. காலை அகட்டித் திருப்பும் வேலை இடுப்பு மூட்டினுடையது. இடுப்பு திரும்ப மறுக்கும்போது மேலிருந்து அழுத்தினால், அந்தத் திருகல் முழுவதும் முட்டிக்குள் இறங்கும்.

முதல் நாள் ஐந்து நிமிடம். பாதியில் மேலே இருக்கும் காலை மாற்றிப் போடுங்கள். நமக்கெல்லாம் ஒரு பக்கச் சம்மணம்தான் பழக்கம், மறுபக்கம் வேறு யாருடைய காலோ போல இருக்கும். மரத்துப்போனால் நீட்டிவிட்டு மறுபடி உட்காரலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்துகொள்ளலாம். செய்தித்தாள் படிக்கும் நேரத்தையும், ஒரு வேளைச் சாப்பாட்டையும் தரைக்கு மாற்றிக்கொண்டால் பயிற்சி என்ற நினைப்பே இல்லாமல் அரை மணி நேரம் சேர்ந்துவிடும்.

எழும் வழியை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் எனக்கு அதுதான் முதல் ஆசனம். சம்மணத்திலிருந்து ஒரு பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தரையில் ஊன்றுங்கள். தவழும் குழந்தை போல நாலு காலில் வாருங்கள். ஒரு பாதத்தை முன்னால் வையுங்கள். அந்தத் தொடை மீது இரு கைகளையும் ஊன்றி, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். தினமும் பக்கத்துக்கு மூன்று முறை. முதலில் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கட்டும்.

தலையணையும் நாற்காலியும் வைத்துக்கொண்டா யோகா என்று கூச்சப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. புனேயில் கற்பித்த பி.கே.எஸ். ஐயங்கார் உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு காரணமே மரக்கட்டை, வார், மடித்த போர்வை, நாற்காலி ஆகியவற்றை வைத்து யாரையும் ஆசனத்துக்குள் கொண்டுவந்துவிடும் முறைதான்.

இரண்டாம் வாரம்: மூச்சு

உட்கார்ந்தபடியே இடது மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதும், விடும்போது தணிவதும் கவனித்தால் பலருக்கு விரல் நுனியிலேயே தெரியும். இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு, மூச்சை வெளியே விடும்போது கூடுதலாக வேலை செய்கிறது. அதனால்தான் பெருமூச்சு விட்டால் மனசு லேசாகிறது. ஆரம்பப் பயிற்சி முழுவதும் இந்த ஒன்றை நீட்டிப்பதுதான்.

சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு. ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு. திணறினால் மூன்றுக்கு நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே அடக்கி வைக்க வேண்டாம்.

திருமூலர் 16 மாத்திரை பூரகம் (இழுப்பது), 64 கும்பகம் (அடக்குவது), 32 ரேசகம் (விடுவது) என்று கணக்குச் சொல்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை என்பது பள்ளி இலக்கணத்தில் படித்த அதே கண்ணிமைப் பொழுதுதான். ஆனாலும் அந்தக் கணக்கு ஆசிரியர் பக்கத்திலிருக்க, பல காலம் பழகியவர்களுக்கானது. பிரஷர் உள்ளவர் வீட்டில் தனியாக மூச்சை அடக்கி அதைப் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. வயிற்றை உதறி உதறி மூச்சைத் தள்ளும் கபாலபாதியும் அப்படியே. பிரஷர், இதய நோய், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

மனம் ஓடும். ஈபி பில், பையனின் ஃபீஸ், காலையில் மானேஜர் பேசிய பேச்சு, எல்லாம் வரிசையாக வரும். மூச்சை விடும்போது ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணுங்கள். நடுவில் எண் தொலைந்தால் ஒன்றிலிருந்து. எனக்கு முதல் மாதத்தில் நாலைத் தாண்டவே பெரும் பாடாக இருந்தது. ஒரு நாள் கண் திறந்து பார்த்தால் 37இல் இருந்தேன், எப்போது பத்தைத் தாண்டினேன் என்றே தெரியவில்லை. எண் தொலைந்தது என்று கண்டுபிடிக்கும் அந்த நொடி இருக்கிறதே, அதுதான் பயிற்சி. எத்தனை முறை தொலைகிறதோ அத்தனை முறை பயிற்சி.

சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி எதிரே தரையைப் பார்த்துக்கொண்டு செய்யலாம், அல்லது அடிகளை எண்ணிக்கொண்டு மெதுவாக நடக்கலாம். மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இதைத் தொடங்குங்கள்.

மூன்றாம் வாரம் முதல்: பதினைந்து நிமிட வரிசை

எல்லாவற்றுக்கும் ஒரே விதி. உடம்பு விரியும்போது மூச்சு உள்ளே, மடங்கும்போது வெளியே. மூச்சு தடுக்கினால் அளவைக் குறையுங்கள். ஒவ்வொன்றும் ஆறு முறை, அவசரமில்லாமல்.

படுத்தபடி தொடங்குங்கள். மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, கைகளால் பிடித்து, மூச்சை விடும்போது வயிற்றை நோக்கி இழுங்கள். மூச்சை இழுக்கும்போது கை நீளும் அளவுக்கு விலக்குங்கள். இது அபானாசனம். நாள் முழுக்க நாற்காலியில் இருந்த அடிமுதுகு முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து, பாதங்களை இடுப்பகலத்தில் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்தபடி இடுப்பை மேலே தூக்குங்கள். விடும்போது மேல்முதுகு முதலில், இடுப்பு கடைசியில் என்று தரை தொடட்டும். சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம். கழுத்தைத் திருப்பிப் பக்கத்தில் பார்க்காதீர்கள், யார் கூப்பிட்டாலும் சரி. இடுப்பு நெஞ்சைவிட உயர்வதால் க்ளாக்கோமா, கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

பிறகு நாலு காலில் வந்து பூனை போல முதுகை வளைப்பதும் இறக்குவதும். முட்டி வலித்தால் அடியில் போர்வை, மணிக்கட்டு வலித்தால் முழங்கையை ஊன்றிச் செய்யலாம்.

புஜங்காசனத்தில்தான் அதிகம் பேர் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானம். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை மார்புக்குப் பக்கத்தில் வைத்து, தலையையும் மார்பையும் மூச்சோடு தூக்குங்கள். தூக்கியபின் கைகளைத் தரையிலிருந்து ஒரு அங்குலம் எடுத்துப் பாருங்கள். மார்பு கீழே இறங்கிவிட்டால், இவ்வளவு நேரமும் கையால் தள்ளி அடிமுதுகை நசுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று அர்த்தம். கையை எடுத்தும் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் உயரம். எனக்கு அது நாலு விரற்கடை. நாலு வருஷத்தில் ஆறு விரற்கடை ஆகியிருக்கிறது.

எழுந்து நின்று தாடாசனம். கைகளைப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டே குதிகாலை உயர்த்துங்கள். சுவரைத் தொடும் தூரத்தில் நில்லுங்கள். தள்ளாடினால் கண்ணுக்கு நேரே ஸ்விட்ச் போர்டையோ காலண்டரையோ பாருங்கள்.

கடைசியில் சவாசனம், ஐந்து நிமிடம். அடிமுதுகு வலிக்காரர்கள் கெண்டைக்காலை நாற்காலி மேல் போட்டுக்கொள்ளலாம். மின்விசிறியைக் குறையுங்கள், மார்கழியில் நிறுத்தியேவிடுங்கள், உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும். தூக்கம் வந்தால் தூங்குங்கள். உங்களுக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதில் சூரிய நமஸ்காரம் இல்லையே என்று நினைப்பீர்கள். வேண்டுமென்றுதான் விட்டேன். மகாராஷ்டிரத்தில் இருந்த அவுந்த் சமஸ்தானத்து ராஜா பவன்ராவ், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை ஊரெல்லாம் பரப்பியபோது உடல் வலிமைக்கான பயிற்சியாகத்தான் பரப்பினார். வகுப்புகளில் வேகமாகத் தாவித் தாவிச் செய்யும் முறையின் வேரும் அப்படி ஒன்றே. 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் இளம்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த காலத்தில் அது உருவானது. அதே கிருஷ்ணமாச்சாரியார் பிற்காலத்தில் சென்னையில் குடியேறியபின், வருபவரின் வயதையும் நோயையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பயிற்சி அமைத்துக் கொடுத்தார். நாம் சேர வேண்டியது அந்தச் சென்னை வகுப்பில். மேலே சொன்ன வரிசை மூன்று மாதம் நிலைத்த பிறகு சூரிய நமஸ்காரத்தை இரண்டு சுற்று, முட்டியை மடக்கிக்கொண்டு, மெதுவாகத் தொடங்கலாம். முன்னே சொன்ன பிரஷர், க்ளாக்கோமா, டிஸ்க் காரர்களுக்கு அப்போதும் வேண்டாம்.

பாய்க்கு வெளியே

சாப்பாட்டில் முதல் ஐந்து கவளத்துக்கு டிவி, போன் இரண்டும் வேண்டாம். ஐந்தே ஐந்து. முழுச் சாப்பாட்டுக்கும் என்று சபதம் போட்டால் மூன்றாம் நாள் உடையும். ரசத்தில் உப்பு குறைவு என்று எங்கள் வீட்டில் நான் கண்டுபிடிக்க ஆரம்பித்ததே இதற்குப் பிறகுதான், அது நல்லதா என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடை, வீட்டுக்குள்ளேயே ஆனாலும் சரி. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை அது மட்டுப்படுத்தும். போன் சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்து ஹாலில் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு பழைய கடிகாரம் போதும்.

விட்டுப்போன நாட்கள், ஆசிரியர்

கல்யாணம், காய்ச்சல், ஊருக்குப் போனது என்று விட்டுப்போகும். ஈடுகட்ட மறுநாள் இரண்டு மடங்கு செய்யாதீர்கள், அதில்தான் பிடிப்பு வரும். அப்படிப்பட்ட நாளில் எழும் பயிற்சி மூன்று முறை, மூச்சு பத்து, அதோடு முடித்துக்கொள்ளலாம். மேட்டைச் சுருட்டிப் பரண்மேல் வைக்காதீர்கள். கதவுக்குப் பின்னால் கண்ணில் படும்படி நிற்கட்டும்.

இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஒரு முறையாவது ஆசிரியர் ஒருவர் உங்களைப் பார்ப்பது நல்லது. நம் உடம்பு கோணலாக நிற்பது நமக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா மற்றும் இயற்கை மருத்துவப் பிரிவு உண்டு. சென்னையில் என்றால் அரும்பாக்கத்தில் அதற்கென்றே அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்களில் எளிய முறை உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள், சின்ன ஊர்களிலும் இருக்கின்றன. அடையாறு, அண்ணா நகர் ஸ்டூடியோ எதுவானாலும் தவறில்லை.

எங்கே போனாலும் முதல் நாள் ஆசிரியர் உங்களைக் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். “என்ன மாத்திரை சாப்பிடறீங்க? ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா? ராத்திரி தூக்கம் எப்படி?” என்று கேட்டால் உட்காருங்கள். எதையும் கேட்காமல் முதுகில் கை வைத்து அழுத்த வந்தால், பக்கவாட்டில் திரும்பி, இரு கைகளையும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள்.